பத்தொன்பது வருடம் வேலை செய்தவர் எப்படித் தற்காலிகப் பணியாளர்?

பணியும் சட்டமும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அரசு அலுவலகங்களிலும் உள்ளாட்சிகளிலும் வேலை பார்ப்பவர்கள் எழுதியவை. ஆகவே இதழின் இந்தப் பகுதியை முழுவதும் அவர்களுக்கே கொடுத்துவிட்டேன். எழுதியவர்களின் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் நீக்கியிருக்கிறேன். மேலதிகாரி கண்ணில் பட்டால் என்ன ஆகுமோ என்ற பயம் ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் இருந்தது.

கேள்வி: ஒரு நகராட்சியில் குடிநீர் மோட்டார் இயக்குபவராக 2007இல் தினக்கூலியில் சேர்ந்தேன். இன்றுவரை அதே மோட்டார் அறை, அதே வால்வு, அதே தினக்கூலி. பணிவரன்முறை, அதாவது பணியை நிரந்தரமாக்குவது, கேட்டு மனுக் கொடுக்கும்போதெல்லாம் 'உமாதேவி தீர்ப்பின்படி இயலாது' என்று ஒரே வரியில் பதில் வருகிறது. அந்தத் தீர்ப்பு உண்மையிலேயே எங்களுக்கு எதிரானதா?
- வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: அந்த ஒற்றை வரிப் பதிலை எழுதுகிறவர்களில் எத்தனை பேர் தீர்ப்பை முழுவதும் படித்திருப்பார்கள் என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2006 ஏப்ரல் 10 அன்று அளித்த தீர்ப்பு அது. கர்நாடக வணிகவரித் துறையின் தினக்கூலிகள் தொடுத்த வழக்கில் வந்தது. விளம்பரமும் தேர்வும் இல்லாமல் வேண்டியவர்களைப் புறவாசல் வழியாகச் சேர்த்துக்கொண்டு, பிறகு நீதிமன்ற ஆணை பெற்று அவர்களை நிரந்தரமாக்கும் வழக்கத்துக்கு அது தடை போட்டது. அந்தத் தடை நியாயமானது. தேர்வு எழுதிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் சமத்துவத்தையும் அரசு வேலையில் சம வாய்ப்பையும் தரும் அரசியலமைப்பின் 14, 16ஆம் பிரிவுகள் சொந்தம்தானே.

ஆனால் அதே தீர்ப்பில் 53ஆம் பத்தி இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட காலிப் பணியிடத்தில், உரிய தகுதியோடு, நீதிமன்றத் தடையாணைகளின் துணை இல்லாமல் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர்களை ஒருமுறை நடவடிக்கையாக வரன்முறைப்படுத்துங்கள், ஆறு மாதத்துக்குள் அந்த வேலையைத் தொடங்குங்கள் என்று அரசுகளுக்கு அந்தப் பத்தி கட்டளையிட்டது. நடைமுறை தவறிய நியமனம் வேறு, சட்டத்துக்கே விரோதமான நியமனம் வேறு என்றும் பிரித்துச் சொன்னது. பல அலுவலகங்கள் தடை போட்ட பகுதியை மனப்பாடம் செய்துகொண்டன, கட்டளையிட்ட பகுதியை மறந்துவிட்டன.

நீங்கள் 2007இல் சேர்ந்தவர். 2006இல் பத்து ஆண்டு முடித்தவர்களுக்கான 53ஆம் பத்தி உங்களுக்கு நேரடியாகக் கைகொடுக்காது. இதைச் சொல்லாமல் நம்பிக்கை மட்டும் கொடுப்பது உங்களுக்குச் செய்யும் துரோகம். உங்களுக்குக் கைகொடுப்பவை அண்மையில் வந்த மூன்று தீர்ப்புகள்.

முதலாவது, 2024 டிசம்பர் 20 அன்று வந்த ஜக்கோ வழக்குத் தீர்ப்பு. மத்திய நீர் ஆணையத்தின் ஃபரீதாபாத் அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்த மூன்று பெண்கள், தோட்டத்தைப் பராமரித்த ஒருவர், ஆக நான்கு பேர். பத்து, இருபது ஆண்டுகள் என்று உழைத்தவர்களை 2018 அக்டோபரில் ஒரே நாளில், காரணம் காட்டும் அறிவிப்புகூட இல்லாமல் நிறுத்தினார்கள். பிறகு அதே வேலையை வெளிமுகமைக்கு, அதாவது ஆள் அனுப்பும் தனியார் நிறுவனத்துக்கு, விட்டார்கள். நீதிபதிகள் விக்ரம் நாத், பி.பி. வராலே அமர்வு அவர்களை மீண்டும் பணியில் சேர்த்து வரன்முறைப்படுத்த உத்தரவிட்டது. வேலை இல்லாமல் இருந்த காலத்துக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் பணித்தொடர்ச்சி உண்டு. நிரந்தரத் தன்மையுள்ள வேலைக்குத் 'தற்காலிகம்' என்று பெயர் சூட்டி, உமாதேவி தீர்ப்பைத் தொழிலாளிக்கு எதிரான ஆயுதமாக்குவதை அந்தத் தீர்ப்பு வெளிப்படையாகக் கண்டித்தது.

அடுத்த மாதமே, 2025 ஜனவரி 31 அன்று, காஜியாபாத் மாநகராட்சித் தோட்டக்காரர்கள் வழக்கில் தீர்ப்பு வந்தது. 1998 முதல் வேலை செய்தவர்களை, தொழிற்தகராறு நிலுவையில் இருக்கும்போதே 2005இல் வெளியேற்றியிருந்தார்கள். பாதிச் சம்பளப் பாக்கியோடு மீண்டும் பணி, ஆறு மாதத்துக்குள் வரன்முறை பற்றிப் பரிசீலனை என்று ஆணை ஆயிற்று. உள்ளாட்சி சம்பந்தப்பட்டது என்பதால் உங்கள் மனுவில் இதற்கு முதலிடம் கொடுங்கள்.

மூன்றாவது, 2025 ஆகஸ்ட் 19 அன்று வந்த தரம் சிங் வழக்குத் தீர்ப்பு. உத்தரப்பிரதேச உயர்கல்விப் பணிகள் ஆணையத்தில் 1989க்கும் 1992க்கும் இடையே சேர்ந்த தினக்கூலிகள் தொடுத்த வழக்கு. பணியிடம் கேட்டு ஆணையமே எழுதியது, நிதி இல்லை என்று அரசு மறுத்துக்கொண்டே இருந்தது. நிதி நெருக்கடி என்ற சொல்லை உச்சரித்தாலே கடமை தீர்ந்துவிடாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். 2002 ஏப்ரல் 24 முதல் வரன்முறை, இடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கிக் கொடு, நிறைவேற்றியதாகப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய் என்று உத்தரவு போயிற்று. வரவு செலவுக் கணக்கைக் கடைநிலைத் தொழிலாளியின் வயிற்றில் அடித்துச் சரிக்கட்டக் கூடாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்தபோது, எத்தனை ஆண்டு தாமதம் என்ற வேதனையும் இப்போதாவது வந்ததே என்ற நிறைவும் எனக்குச் சேர்ந்தே வந்தன.

இவை இரண்டு நீதிபதிகள் அமர்வின் தீர்ப்புகள். ஐவர் அமர்வின் உமாதேவி தீர்ப்பு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று பின்னவை சொல்லியிருக்கின்றன, அவ்வளவே. எனவே உங்கள் வழக்கு உங்கள் ஆவணங்களில்தான் நிற்கும்.

வழக்கறிஞர் ஆவதற்கு முன் நான் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தேன். பணியமைப்புப் பிரிவில் தினக்கூலிகளின் வருகைப் பதிவேடு என் மேஜைக்கு வரும். குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக இரண்டு நாள் கட்டங்களில் சிவப்பு மையில் கோடு இழுத்து 'பணி இடைவெளி' என்று எழுதியிருக்கும். தொடர்ச்சியாக வேலை செய்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே செய்யும் ஏற்பாடு. ஆனால் ஊருக்குத் தண்ணீர் விடாமல் இருக்க முடியுமா? நீரேற்று நிலையத்திலிருந்து வரும் லாக் புத்தகத்தைத் திறந்தால், சிவப்புக் கோடு விழுந்த அதே இரண்டு நாளிலும் அதே மனிதர் காலை ஐந்தரைக்கு மோட்டார் போட்டு, மீட்டர் அளவு எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருப்பார். ஒரே கட்டடத்தில் இரண்டு பதிவேடு. இரண்டில் ஒன்று பொய். இன்று என்னிடம் வரும் மோட்டார் இயக்குபவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்த லாக் புத்தகத்தைத்தான்.

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 2007 முதல் லாக் புத்தகம், வருகைப் பதிவேடு, கூலிப் பட்டியல் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். உங்கள் நகராட்சிக்கு அனுமதிக்கப்பட்ட மோட்டார் இயக்குபவர் பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி என்பதைத் தனி மனுவில் கேளுங்கள். இரண்டையும் ஒரே மனுவில் கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள். பிறகு மூன்று தீர்ப்புகளையும் குறிப்பிட்டு ஆணையருக்கும் நகராட்சி நிர்வாக இயக்குநருக்கும் பதிவஞ்சலில் மனு அனுப்புங்கள். மறுபடியும் ஒற்றை வரிப் பதில் வந்தால், உங்கள் தனிப்பட்ட நிலையைப் பரிசீலிக்காத ஆணை என்ற அடிப்படையிலேயே உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனு போடலாம்.

வரன்முறை தாமதமானாலும் கேட்கக்கூடிய ஒன்று உண்டு. பஞ்சாப் அரசுக்கு எதிரான ஜக்ஜித் சிங் வழக்கில் 2016 அக்டோபர் 26 அன்று உச்ச நீதிமன்றம், நிரந்தரப் பணியாளர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்கு அந்தப் பதவிக்குரிய ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத்தையாவது தர வேண்டும் என்றது. உங்கள் நிலையத்தில் அடுத்த ஷிப்ட் பார்ப்பவர் நிரந்தரப் பணியாளர் என்றால், அவர் கையெழுத்தும் உங்கள் கையெழுத்தும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும் பக்கத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்கிறார்களே என்று. அது தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதி வழங்கல் சட்டம். தொழில் நிறுவனங்களுக்கானது. நகராட்சியின் நீரேற்று நிலையம் அதற்குள் வருமா என்பதை வாதாடித்தான் நிறுவ வேண்டும். கூடுதல் வாதமாக வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

கேள்வி: என் அம்மா எட்டு வருடமாக மாநகராட்சியில் தூய்மைப் பணி செய்கிறார். இடையில் மூன்று முறை ஒப்பந்ததாரர் மாறிவிட்டார். ஒவ்வொரு முறையும் புது அடையாள அட்டை, புது வங்கிக் கணக்கு. சம்பளம் சில மாதம் இருபதாம் தேதிக்கு மேல்தான் வருகிறது. அம்மாவும் நிரந்தரம் கேட்க முடியுமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: இந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியான பதில் சொல்ல முடியவில்லை, சகோதரி. முந்தைய கேள்வியில் நகராட்சியே நேரடியாகக் கூலி கொடுக்கிறது. உங்கள் அம்மா விஷயத்தில் நடுவில் ஓர் ஒப்பந்ததாரர் நிற்கிறார். சட்டத்தில் அந்த ஒருவர் பெரிய சுவர்.

2001இல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளர்கள் தாமாகவே முதன்மை நிறுவனத்தின் பணியாளர்கள் ஆகிவிட மாட்டார்கள் என்றது. ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு, உண்மையில் வேலை வாங்குவது நிறுவனமே என்று தொழிலாளர் நீதிமன்றத்தில் நிரூபித்தால் மட்டுமே வழி திறக்கும். 2026 ஜனவரியில் ஆந்திரத்தின் நந்தியால் நகராட்சி வழக்கிலும், ஒப்பந்ததாரர் வழியே வந்தவர்கள் நிரந்தரப் பணியாளருக்குச் சமமான ஊதியம் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. காலை ஆறு மணிக்கு வருகை எடுப்பவர் மாநகராட்சி மேற்பார்வையாளர், தெருவை ஒதுக்குபவர் அவர், குப்பை மாநகராட்சியின் குப்பை. சம்பளச் சீட்டில் மட்டும் வேறொருவர் பெயர் இருப்பதால் உழைப்பின் விலை குறைந்துவிடுமா? ஆனால் என் கருத்து சட்டமல்ல. நீங்கள் வழக்குப் போடும்போது எதிர்த்தரப்பு முதலில் நீட்டப்போகும் தீர்ப்பு இதுதான் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகையின் முன்னால் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தது இந்தச் சுவர் தங்களுக்கு முன்னால் எழும்பியதால்தான். அதுவரை மாநகராட்சியின் கீழ் வேலை செய்தவர்களைத் தனியார் நிறுவனத்திடம் போகச் சொன்னார்கள். ஆகஸ்ட் 13 இரவு காவல் துறை அவர்களை அங்கிருந்து அகற்றியது. ஒப்பந்ததாரரிடம் கையெழுத்திடும் முன் அந்தப் பெண்கள் ஏன் அவ்வளவு தயங்கினார்கள் என்பதை உங்கள் அம்மாவின் எட்டு வருடமே சொல்லும்.

இனி, அம்மா உறுதியாகப் பெறக்கூடியவை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஊதியத் தொகுப்பின்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். ஒப்பந்ததாரர் தரவில்லையென்றால் முதன்மை வேலையளிப்பவரான மாநகராட்சி கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். பழைய 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலும் இது இருந்தது. எனவே இருபதாம் தேதிச் சம்பளத்துக்கு ஒப்பந்ததாரரின் மேலாளரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டாம். மாநகராட்சி ஆணையருக்கே எழுதுங்கள், நகலைத் தொழிலாளர் துறைக்கு அனுப்புங்கள். உள்ளாட்சிப் பணிகளுக்கான குறைந்தபட்ச ஊதியம் பற்றிய 2017ஆம் ஆண்டின் அரசாணை 62ஐத் தூய்மைப் பணியாளர் சங்கங்கள் எல்லாம் கையில் வைத்திருக்கின்றன. ஒரு நகல் வாங்கி அம்மாவின் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒப்பந்ததாரர் மாறினாலும் வருங்கால வைப்பு நிதியில் ஒரு தொழிலாளிக்கு ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டிய யு.ஏ.என். எண் மாறக் கூடாது. மூன்று அட்டைக்கு மூன்று எண் கொடுத்திருந்தால் உடனே ஒன்றாக இணைக்கச் சொல்லுங்கள்.

புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பில் ஒரு வரி என் கவனத்தில் நிற்கிறது. ஒரு நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தக் கூடாது என்கிறது அது. துப்புரவு மையப் பணி அல்ல என்று அடுத்துச் சொல்லிவிட்டு, அந்த நிறுவனமே அந்தப் பணிக்காக அமைந்ததாக இருந்தால் தவிர என்று ஒரு விலக்கும் வைக்கிறது. ஊரைச் சுத்தமாக வைப்பது மாநகராட்சியின் சட்டபூர்வக் கடமை இல்லையென்றால் வேறு எதுதான் அதன் மையப் பணி? இந்தக் கேள்வியை யாராவது நீதிமன்றத்தில் எழுப்ப வேண்டும். தனியாக வேண்டாம், அம்மாவோடு வேலை செய்பவர்கள் சங்கமாகச் சேர்ந்து எழுப்பினால் என்னால் ஆன உதவியைச் செய்வேன்.

கேள்வி: பேரூராட்சிச் செயல் அலுவலராக இருக்கிறேன். ஊர் வளர்ந்துவிட்டது, பணியிடங்கள் பழைய எண்ணிக்கையிலேயே நிற்கின்றன. நானாக ஆள் வைத்தால் தணிக்கை ஆட்சேபனை. வெளிமுகமை என்றால் நீதிமன்றம் கண்டிக்கிறது. எங்களைப் போன்றவர்கள் என்னதான் செய்வது?
- பெயர் வேண்டாம் என்கிறார், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: உங்கள் சங்கடம் நியாயமானது, ஐயா. பணியிடத்தை அனுமதிக்கும் அதிகாரம் உங்களிடம் இல்லை. வேலையை முடிக்க வேண்டிய பொறுப்பு மட்டும் உங்களிடம் இருக்கிறது. ஆனாலும் உங்கள் பேனாவுக்கு அதிகாரம் உண்டு.

தரம் சிங் வழக்கில் தொழிலாளர்களைக் காப்பாற்றியவற்றில் ஒன்று, ஆணையமே பணியிடம் வேண்டும் என்று அரசுக்கு எழுதியிருந்த கடிதங்கள். யாரோ ஓர் அலுவலர், பல ஆண்டுகளுக்கு முன், உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பியிருக்கிறார். நீங்களும் குடியிருப்புகள், தெருவிளக்குகள், குடிநீர் இணைப்புகள் எத்தனை கூடின, அன்று எத்தனை பேர், இன்று எத்தனை பேர் தேவை என்று பணிச்சுமையைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் கருத்துரு அனுப்புங்கள். மன்றத் தீர்மானத்தையும் இணையுங்கள். மறுப்பு வந்தால் காரணத்தோடு வரட்டும், கோப்பில் இருக்கட்டும். நிதி இல்லை என்று பொதுவாகச் சொல்லி மறுத்தால் நீதிமன்றம் ஏற்காது என்பது இப்போது மேலிடத்துக்கும் தெரிந்திருக்கும்.

தற்காலிகமாக ஒருவரை எடுக்கத்தான் வேண்டும் என்றால் எதற்காக, எத்தனை காலத்துக்கு என்று ஆணையில் எழுதுங்கள். அறிவிப்புப் பலகையிலாவது விளம்பரம் ஒட்டி, விண்ணப்பம் வாங்கி, இடஒதுக்கீட்டைக் கடைப்பிடித்து எடுங்கள். பிற்காலத்தில் அந்த மனிதரின் நியமனம் சட்டவிரோதமா, நடைமுறை தவறியதா என்ற கேள்வி வரும்போது அந்தக் காகிதங்கள்தான் அவருக்குத் துணை.

செயற்கையான பணி இடைவெளி மட்டும் வேண்டாம். முதல் பதிலில் நான் சொன்ன சிவப்புக் கோடு இன்றும் பல அலுவலகங்களில் இழுக்கப்படுகிறது. அது அலுவலகத்தைக் காப்பாற்றுவதில்லை. குறுக்கு விசாரணையில் லாக் புத்தகத்தை எடுத்து வைத்தால், பதிவேட்டில் கையெழுத்திட்ட அலுவலர்தான் கூண்டில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

வெளிமுகமை ஒப்பந்தம் போடுகிறீர்கள் என்றால், முந்தைய பதிலில் சொன்ன புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பு அரசு அலுவலகங்களுக்குப் பொதுவாகப் பொருந்தாது என்றாலும் ஒப்பந்ததாரர் வழியே அங்கே வேலை செய்பவர்களுக்குப் பொருந்தும். ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய அதன் பகுதி 50 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களை வைத்திருக்கும் இடங்களுக்கானது. உங்கள் பேரூராட்சியில் அத்தனை பேர் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் சம்பளச் சான்றும் வைப்பு நிதிச் சலானும் இல்லாமல் ஒப்பந்ததாரரின் பட்டியலைக் கடக்கவிடாதீர்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பல குடும்பங்கள் உங்களை வாழ்த்தும்.

கேள்வி: அரசு மருத்துவமனையில் தொகுப்பூதியத்தில் செவிலியராக இருக்கிறேன். ஏழு மாதக் கர்ப்பம். அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. 'ஒப்பந்தம் முடியும் நாள் வரைக்கும்தான் விடுப்பு' என்கிறார்கள். மூத்த குழந்தைகள் இருவர் இருப்பதால் மூன்றாவதற்குக் கிடையாது என்றும் ஒருவர் சொல்கிறார். குழம்பிப்போயிருக்கிறேன்.
- வாசகி, சேலம்

பதில்: முதலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு விஷயத்தையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

டில்லி ஜனக்புரியில் ஓர் அரசு மருத்துவமனையில் ஒப்பந்த மருத்துவராக இருந்தவருக்கு இதே கதைதான் நடந்தது. 2017 ஜூன் 1 முதல் விடுப்புக் கேட்டார். ஜூன் 11 அன்று ஒப்பந்தம் முடிகிறது என்று பதினொரு நாள் மட்டும் கொடுத்தார்கள். கவிதா யாதவ் வழக்கு என்று அழைக்கப்படும் அந்த வழக்கில் 2023 ஆகஸ்ட் 17 அன்று உச்ச நீதிமன்றம், தகுதி பெற்றுவிட்ட பெண்ணுக்கு ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் மகப்பேறுப் பலன் முழுவதும் சேர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பேறுகாலத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் தகுதி வந்துவிடும். உங்களுக்கு வந்துவிட்டது. இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு, ஒப்பந்தம் முடியும் முன்பே மருத்துவச் சான்றோடு எழுத்தில் விண்ணப்பித்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள்.

மூன்றாவது குழந்தை பற்றி. மகப்பேறு பற்றிய மத்தியச் சட்டம் மூன்றாவதற்குக் கிடையாது என்று சொல்லவே இல்லை. இரண்டு குழந்தைகள் வரை 26 வாரம், அதற்கு மேல் 12 வாரம் என்றுதான் சொல்கிறது. ஆகவே உங்களுக்கு 12 வாரம் உண்டு. உங்களிடம் சொன்னவர் தமிழ்நாடு அரசின் அடிப்படை விதி 101(அ)வை மனத்தில் வைத்துச் சொல்லியிருப்பார். நிரந்தர அரசு ஊழியர்களுக்கு இரண்டு குழந்தைகள் வரை என்று வரம்பு வைக்கும் விதி அது. அந்த விதியின் கீழ் விடுப்பு மறுக்கப்பட்ட தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. முதல் திருமணத்தில் பிறந்த இரண்டு குழந்தைகள் முன்னாள் கணவரிடம் வளர்கிறார்கள். மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு அவர் விடுப்புக் கேட்டார். உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி கொடுத்ததை அமர்வு ரத்து செய்தது. 2025 மே 23 அன்று நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு, மகப்பேறு விடுப்பு இனப்பெருக்க உரிமையின் பகுதி, வாழ்வுரிமை தரும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவோடு சேர்ந்தது என்று கூறி அவருக்கு விடுப்பு வழங்கச் சொன்னது. இந்த ஆசிரியையின் பெயரும் உமாதேவிதான். இணையத்தில் தேடும்போது 2006ஆம் ஆண்டின் கர்நாடக வழக்கையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நிரந்தரப் பணியில் இருக்கும் வாசகியருக்கு ஒரு வார்த்தை: தமிழ்நாட்டில் 2021 ஜூலை 1 முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். அந்தக் காலத்தைத் தகுதிகாண் பருவத்துக்கும் கணக்கில் கொள்வதாக 2025 ஏப்ரல் 28 அன்று சட்டப்பேரவையில் முதல்வர் அறிவித்தார். பதவி உயர்வில் பின்தங்கிப்போன இளம் பெண்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: உதவியாளராக இருந்து சென்ற ஜூன் 30 அன்று ஓய்வு பெற்றேன். 2011இல் ஊதிய நிர்ணயத்தில் தவறு நடந்துவிட்டது என்று இப்போது கண்டுபிடித்து, என் பணிக்கொடையிலிருந்து 1.86 லட்சம் ரூபாயைப் பிடித்துவிட்டார்கள். ஒரு நோட்டீஸ்கூடக் கொடுக்கவில்லை. அடுத்த நாள் வர வேண்டிய ஊதிய உயர்வும் போய்விட்டது என்கிறார்கள்.
- வாசகர், கோவை

பதில்: பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு வலுவான வழக்கு இருக்கிறது. 2014 டிசம்பர் 18 அன்று ரஃபீக் மசீஹ் வழக்கில் உச்ச நீதிமன்றம், சி, டி பிரிவு ஊழியர்களிடமும், ஓய்வு பெற்றவர்களிடமும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறவிருப்பவர்களிடமும், ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கூடுதலாகக் கொடுத்துவிட்ட தொகையையும் மீளப்பெறக் கூடாது என்றது. உங்களுக்கு இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை பொருந்துகின்றன. 2025 ஏப்ரல் 4 அன்று ஒடிசா நீதிமன்ற ஊழியர்கள் வழக்கிலும், ஓய்வுக்குப் பின் வந்த மீளப்பெறும் உத்தரவை இதே வழியில் ரத்து செய்தார்கள்.

ஒரே ஓர் இடத்தில் எச்சரிக்கை. ஊதிய நிர்ணயத்தின்போது 'கூடுதல் தொகை வந்தால் திருப்பித் தருகிறேன்' என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தால், 2016இல் வந்த ஜக்தேவ் சிங் தீர்ப்பைக் காட்டுவார்கள். உங்கள் பணிப்பதிவேட்டில் அப்படி ஒரு தாள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்தத் தீர்ப்பு நீதித்துறை அதிகாரி ஒருவரைப் பற்றியது, நீங்கள் சி பிரிவு ஊழியர். அந்த வேறுபாட்டை உங்கள் வழக்கறிஞர் வற்புறுத்த வேண்டும். நிர்ணயத்தைத் திருத்தி இனி ஓய்வூதியத்தைச் சரியான விகிதத்தில் கணக்கிடுவதை மட்டும் தடுக்க முடியாது.

ஜூன் 30 விஷயத்தில் போராடவே வேண்டாம். ஆண்டு முழுவதும் உழைத்துச் சம்பாதித்த ஊதிய உயர்வு, மறுநாள் பணியில் இல்லை என்பதற்காகப் போய்விடாது என்று 2017 செப்டம்பர் 15 அன்று சென்னை உயர் நீதிமன்றம்தான் அய்யம்பெருமாள் வழக்கில் சொன்னது. 2023 ஏப்ரல் 11 அன்று உச்ச நீதிமன்றமும் கர்நாடக மின் ஊழியர் வழக்கில் அதே முடிவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 2014 டிசம்பர் 31 தேதியிட்ட நிதித்துறை அரசாணை 311 இருக்கிறது. ஓய்வுக்கு மறுநாள் வரவேண்டிய ஊதிய உயர்வைக் கருத்தியலாக, அதாவது கையில் பணமாகத் தராமல் கணக்கில் மட்டும், அனுமதித்து ஓய்வூதியத்தைக் கணக்கிடச் சொல்லும் ஆணை. அதன் நகலை இணைத்து உங்கள் பழைய அலுவலகத் தலைவருக்கு விண்ணப்பியுங்கள். திருத்திய ஓய்வூதியக் கருத்துரு அங்கிருந்துதான் மாநிலக் கணக்காயருக்குப் போக வேண்டும், எனவே நகலைக் கணக்காயருக்கும் அனுப்பிவிடுங்கள்.